ராமநாதபுரம் கரையில் பவளப்பாறை பார்க்க: வடகடலா, தென்கடலா?

ராமேஸ்வரம் வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இப்போதெல்லாம் கோயிலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "தீர்த்தம் ஆடிட்டு அப்படியே கடலுக்குள்ள பவளப்பாறையும் பாத்துட்டு வரலாமாமே, எங்க போனா நல்லா இருக்கும்?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்தமான் படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நம் கரையிலும் பவளப்பாறை உண்டு. மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டி, மிதந்தபடியே பார்க்கும் ஆழத்தில்தான் இருக்கிறது. ஆனால் எல்லா மாதமும் பார்க்க முடியாது, எல்லாக் கரையிலும் முடியாது.

அதனால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாசம் வர்றீங்க?" இரண்டாவது, "யார் யார் வர்றீங்க, அதுல யாருக்கு நீச்சல் தெரியும்?" இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் இடம் ஏறக்குறைய தானாக முடிவாகிவிடும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு வீடியோவைப் பார்த்து இடத்தை முடிவு செய்து, விடுப்பு கிடைத்த தேதியில் வந்து, கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். கடலுக்கு அந்தப் பெயர் வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

காற்றுதான் முதலில்

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபம் முனையும் அதைத் தொடர்ந்து பாம்பன் தீவும் கிழக்கே நீண்டு கிடக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வதும் உண்டு. மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு பக்கம் அலை எகிறிக்கொண்டிருக்கும், மறுபக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

மே மாத வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று அது. தென்கடலை நேராக அடிக்கும். அலை உயரும், அடிமண் கிளம்பும், தண்ணீர் கலங்கிவிடும். அப்போது வடகடலுக்கு நிலம் மறைப்பாக இருக்கும், கரையோரம் அமைதியாகக் கிடக்கும். அக்டோபரில் காற்று திரும்பி வாடை பிடித்தால் எல்லாம் மாறிவிடும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று வடகடலைக் கலக்கிவிட, தென்கடல் அடங்கும். ஆக, பெண்கடல் என்ற பெயரை நம்பி டிசம்பரில் வடக்குக் கரைக்குப் போனால் ஏமாற்றம்தான்.

வாடைக் காலத்தின் முதல் பாதியில் தென்கடலும் தெளிவாக இருக்காது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழைக்காலம். ஓடைகளும் கால்வாய்களும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும், புயலும் வரும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகு எதுவும் கிளம்பாது. ஜனவரி பாதிக்கு மேல் மழை ஓய்ந்து, வண்டல் அடியில் தங்கி, தென்கடல் தெளியத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டும் நம் கரைக்குப் பொற்காலம். வாடை இறங்கியிருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது. இரண்டு கடலுமே ஓரளவு தெளிந்து கிடக்கும். நாள் குறிக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் இந்த இரண்டு மாதத்துக்குள் குறியுங்கள். தை அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது ராமேஸ்வரத்தில் தங்க அறை கிடைப்பதே பெரும்பாடு.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறை என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் அப்போதுதான் வருகின்றன. தண்ணீர் சூடேறி 30 டிகிரியைத் தாண்டிப் போகும்போது பவளங்கள் வெளுக்கும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு ஊட்டும் நுண்பாசியைச் சூடு தாங்காமல் பவளம் வெளியேற்றிவிடும். நிறமும் அதோடு போய்விடும், வெள்ளை எலும்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் செத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இப்படி ஏராளமான பவளம் அழிந்தது. மே மாதம் மிதந்து பார்க்கும்போது பளீரென்று வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அழகு என்று நினைத்துவிடாதீர்கள், அது நோய். அந்த மாதங்களில் அதற்குப் பக்கத்தில் போய் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்து மண்ணைக் கிளப்பாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

சட்டம் என்ன சொல்கிறது

தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இன்னும் பெரிய பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. நல்ல பவளப்பாறைகள் பெரும்பாலும் இந்தத் தீவுகளைச் சுற்றித்தான், அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்துக்குள் இருக்கின்றன. 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

வனத்துறை நடத்தும் சுற்றுலா வழியாக இல்லாமல் இந்தத் தீவுகளில் இறங்கக் கூடாது. "நான் நம்ம படகுல கொண்டுபோய் விடுறேன், யாருக்கும் தெரியாது" என்று கரையில் யாராவது சொல்லலாம். போகாதீர்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேலும் வரும், படகுக்காரர் பிழைப்பும் கெடும். அதைவிட முக்கியமாக, நங்கூரம் போட்டு ஒரு முறை இழுத்தால் பல வருடம் வளர்ந்த பவளம் உடைந்துவிடும். உடைந்த துண்டை எடுத்து வருவதும் குற்றம். கல் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் 2001-ல் புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். கடைத்தெருவில் யாராவது ரகசியமாக நீட்டினாலும் வாங்கக் கூடாது.

பிச்சைமூப்பன்வலசை: முதல்முறை வருபவர்களுக்கு

கீழக்கரையைத் தாண்டி ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது பிச்சைமூப்பன்வலசை. தென்கடல் பக்கம். வனத்துறை இங்கே அடியில் கண்ணாடி பதித்த படகு விடுகிறது. கடலில் இறங்க வேண்டாம், நீச்சல் தெரிய வேண்டாம். பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் உட்கார்ந்து குனிந்து பார்க்கலாம். தை, மாசி, பங்குனியில் குடும்பத்தோடு முதல்முறையாக வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த இடத்தைத்தான்.

கண்ணாடிப் படகு என்றால் ஏதோ குறைச்சல் என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். குறைச்சல் இல்லை. கடலில் இறங்குகிற முதல் தடவை பாதிப் பேருக்கு மூச்சுக்குழாயோடு போராடுவதிலேயே நேரம் போய்விடும். எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. கண்ணாடி வழியாக ஒரு முறை நிதானமாகப் பார்த்தால் கண் பழகும். மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளம் எது, மூளைமடிப்புப் போல உருண்டு கிடப்பது எது, செத்துப் பாசி படர்ந்த கல் எது என்று பிரித்தறியத் தெரியும். அப்புறம் தண்ணீரில் இறங்கினால் பார்ப்பது பல மடங்காகும்.

இதன் குறை, முழுக்க முழுக்க தென்கடலை நம்பி இருப்பது. கச்சான் எழுந்துவிட்டால் பயணம் நிற்கும். படகு ஓடினாலும் கண்ணாடிக்குக் கீழே பச்சைக் கலங்கல்தான் தெரியும். ஆடி மாதம் ஏர்வாடி வரை வந்துவிட்டு இங்கே எட்டிப் பார்ப்பவர்கள், அன்றைக்குப் படகு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள். வண்டியும் நேரமும் மிச்சம்.

குந்துகாலும் குருசடையும்

பாம்பன் தீவின் தென்மேற்கு ஓரம் குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் சிகாகோ பயணம் முடிந்து வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. இங்கிருந்து குருசடை தீவுப் பக்கம் வனத்துறை படகு விடுகிறது. விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்ற பெயர் தெரிந்திருக்கும். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட நிலையைக் காட்டும் பலனோகுளோசஸ் என்ற மண்புழு போன்ற உயிரினம் அங்கே கிடைக்கும். அதைப் பார்க்கவே அந்தக் காலத்திலிருந்து கல்லூரி மாணவர்களை அழைத்து வருவார்கள்.

ஆனால் இது தீவையும் கடலையும் பார்த்துவிட்டு வருகிற பயணம். தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்க்கும் ஆசையோடு வந்தவர்களுக்கு இது அந்த ஆசையைத் தீர்க்காது. ராமேஸ்வரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் மிச்சம் இருக்கிறது, ஏர்வாடி வரை போக முடியாது என்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஓலைக்குடா, சங்குமால்: நிஜமாகவே இறங்க விரும்புபவர்களுக்கு

ராமேஸ்வரம் ஊருக்கு வடக்கே, வடகடல் கரையில் சங்குமால், அதையடுத்து ஓலைக்குடா. இங்கே பவளத்திட்டு கரைக்கு இணையாக, சில நூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது. நடுவில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர். கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருவதில்லை என்பதால் பயிற்சியாளர்கள் துடுப்புப் படகில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. நீச்சல் தெரிந்த, உடம்பு நன்றாக இருக்கிற இளைஞர்களுக்கு நம் மாவட்டத்தில் இதுதான் முதல் தேர்வு. கச்சான் காலத்திலும் ஒரு வழி இருக்கிறதென்றால் இங்கேதான்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வடகடல் பவளம் தென்கடல் அளவுக்கு வளமானதல்ல. வண்டல் அதிகம், வெளுப்பும் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. செத்த கல்லின் மேல் பாசி படர்ந்து கிடக்கும் பகுதிகள் நிறைய. ஆனால் ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் கை கால் அசைக்காமல் கொஞ்ச நேரம் மிதந்து பாருங்கள். முதலில் வெறும் கல்லாகத் தெரியும். அப்புறம் கல்லின் இடுக்கிலிருந்து விரல் நீள மீன் ஒன்று வெளியே வந்து, உங்களைப் பார்த்து, உள்ளே போகும். மறுபடி வரும். பின்னாலேயே நாலைந்து. கிளிமீன் ஒன்று கல்லைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கறுக் கறுக்கென்று தெளிவாகக் கேட்கும். அது கடித்துத் தின்று வெளியேற்றுவதும் நம் கரை மணலில் ஒரு பங்கு. பரபரவென்று சுற்றி வருகிறவர்களுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

இதே தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து வந்து, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கிக் கடற்பாசி பறிப்பார்கள். 2015-ல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்குத் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. பவளத்துக்குக் காயம் படாமல் தண்ணீருக்குள் எப்படி நகர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் வேலை செய்யும்போது கேமராவை நீட்டிக்கொண்டு குறுக்கே போகாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு நேரம்.

அரியமான், பிரப்பன்வலசை: பழகிக்கொள்ள

மண்டபத்துக்கு மேற்கே, உச்சிப்புளியிலிருந்து திரும்பினால் அரியமான், பிரப்பன்வலசை கடற்கரைகள். வடகடல்தான், மணல் தரை, நீண்ட தூரத்துக்கு ஆழம் இல்லை. துடுப்புப் படகு, நின்றபடி துடுப்புப் போடும் பலகை என்று நீர் விளையாட்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே பவளத்தைத் தேடி வராதீர்கள். மூச்சுக்குழாய் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பதற்காக வாருங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் "ப்பூ" என்று ஊதித் தள்ளுவது, கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல் எழுந்து நிற்பது, இவற்றைக் கால் தரையில் படும் இடத்தில் ஒரு மணி நேரம் பழகிவிட்டு மறுநாள் ஓலைக்குடாவுக்குப் போனால் பயமே இருக்காது.

தரை நெடுகக் கடல்தாழை வளர்ந்த இடங்கள் உண்டு. பார்வைக்குப் புல்வெளி, பவளத்தின் கவர்ச்சி இல்லை. ஆனால் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் தாழை இலைகளுக்கு நடுவே நண்டுக் குஞ்சு, நட்சத்திர மீன், அதிர்ஷ்டம் இருந்தால் வாலால் இலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் கடல் குதிரை. ஆவுளியா எனப்படும் கடல் பசு மேய்வதும் இந்தத் தாழையைத்தான். அதைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மிக மிக அரிது.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு தெரிந்து நகர்ந்துவிடும். மிதித்துவிட்டால் வால் முள்ளால் குத்திவிடும். குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காரங்காடு

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா. படகில் காட்டுக்கு நடுவே போய், துடுப்புப் படகும் போட்டு, ஆழமில்லாத இடத்தில் கண்ணாடியும் குழாயும் மாட்டித் தாழையைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் குவியும். பவளம் இல்லை, தண்ணீரும் கண்ணாடித் தெளிவு இல்லை, அலையாத்தி இருக்கும் இடத்தில் சேறு இருக்கத்தான் செய்யும். குழந்தைகளோடு வருபவர்கள், பறவை பார்ப்பவர்கள், சுற்றுலாப் பணம் ஊர்க்காரர்கள் கையில் நேராகப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் "பவளப்பாறை பார்க்கணும்" என்று ஒரே ஆசையோடு வருபவரை இங்கே அனுப்ப மாட்டேன்.

அந்தமானும் புறாத்தீவும் வேண்டாமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்ணீரின் தெளிவிலும் பவளத்தின் செழிப்பிலும் அந்தமான் நம் கரையைவிட மேல். சென்னையிலிருந்து விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்குப் போக வேண்டும். நான்கைந்து நாளும் கணிசமான பணமும் ஆகும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும், ஏற்பாடு இன்னும் அதிகம். வாழ்க்கையில் ஒரு முறை பவளக்கடலை அதன் முழு அழகில் பார்க்க வேண்டும், அதற்காகவே சேமித்திருக்கிறோம் என்றால் தாராளமாக அங்கே போங்கள்.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மறந்துவிடும் ஓர் இடம் திருகோணமலை. நிலாவெளிக் கரைக்கு எதிரே புறாத்தீவு, 2003-லிருந்து தேசியப் பூங்கா. தீவின் கரையிலிருந்து நேராகத் தண்ணீரில் இறங்கியே பவளம் பார்க்கலாம், ஆளை ஒன்றும் செய்யாத சிறிய கருமுனைச் சுறாக்கள் கூடத் தென்படும். அங்கே நல்ல பருவம் மே முதல் செப்டம்பர் வரை, நம் தென்கடல் குமுறிக்கொண்டிருக்கும் அதே மாதங்கள். கோடை விடுமுறையை விட்டால் வேறு நேரமே இல்லை என்கிற குடும்பத்துக்கு, செலவு கட்டுபடியானால், அந்தமானைவிட இது பொருத்தம்.

ஆனால் ராமேஸ்வரம் எப்படியும் வருகிறோம், ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம் என்றால் கணக்கே வேறு. நம் பாறைகள் ஆழமற்றவை. மூன்று மீட்டர் ஆழத்தைப் பார்க்க மூன்று மீட்டர் தெளிவு போதும், அது நல்ல மாதத்தில் கிடைக்கும். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் கரையில் இருக்கலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலும் மறுபடி தீவு வரை போகிறது.

போகக் கூடாத இடங்கள்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சந்திக்கும் அந்த நீர் வெளியே அழகாக இருக்கும், உள்ளே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். நல்ல நீச்சல்காரர்களுக்கும் அதே கதிதான். பாம்பன் பாலத்துக்கடியில் உள்ள கால்வாயும் அப்படியே. அக்னி தீர்த்தம் தீர்த்தமாடும் இடம், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

தனுஷ்கோடிக்குப் போகும்போது, 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும். அவை பவளக்கல். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டி எடுத்து வீடும் கோயிலும் கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். கடலில் இறங்க முடியாத பெரியவர்கள் பவளத்தின் அமைப்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க அந்தச் சுவர் போதும்.

சாமானும் உடம்பும்

கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் அப்படியே ஒட்டி நின்றால் சரி. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் நிற்கும். பெண்கள் முன்முடி ஓரத்துக்குள் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு கற்றை போதும் கசிவதற்கு. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் கண்ணாடியை மாட்டாதீர்கள், அவர்கள் அளவில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

முழுக்கை டீ ஷர்ட், லெக்கிங்ஸ் போதும். சேலையும் சுடிதார் துப்பட்டாவும் தண்ணீரில் காலைச் சுற்றும். வெயிலுக்கு க்ரீம் பூசுவதைவிடத் துணியால் மூடுவது உடம்புக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. சில க்ரீம்களில் உள்ள ஆக்சிபென்சோன் பவளத்தைக் கெடுக்கும், ஹவாயில் அதற்குத் தடையே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் மொட்டை போட்ட கையோடு வருபவர்கள் தலைக்குத் துணியோ நீச்சல் தொப்பியோ கட்டாயம் போடுங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் நேராக உச்சியிலும் பிடரியிலும்தான் விழும். புதிதாகச் சிரைத்த தோல் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் கண்ணாடிப் படகோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழாய் வழியாக மூச்சு விடுவது நுரையீரலுக்குக் கூடுதல் வேலை. இதில் ஆபத்து வரும்போது சத்தமே வராது, குப்புற மிதப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். அதனால் இருவர் இருவராகப் போங்கள், அடிக்கடி தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பாருங்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டுவிட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலைப் போட்டுத் தேய்க்கவும் கூடாது, எரிச்சல் கூடும்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். களைத்தால் மணல் தரை தேடி நில்லுங்கள், இல்லையென்றால் மல்லாந்து மிதங்கள். வற்றம், அதாவது கடல் நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் பாறைக்கு மேல் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும், வயிறு உரசும். எந்த நேரம் இறங்கலாம் என்பதைப் படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பொதுவாகக் காலை எட்டிலிருந்து பத்து நல்லது. வெளிச்சம் உள்ளே இறங்கும், காற்று இன்னும் எழுந்திருக்காது.

எனக்கு மூன்று நாள் கொடுத்து, பிப்ரவரி மாதம், பெற்றோரும் பிள்ளைகளும் உள்ள ஒரு குடும்பத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் இப்படிப் போடுவேன்: முதல் நாள் ராமநாதபுரத்தில் தங்கி, காலையில் பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடிப் படகு. சாயங்காலம் அரியமானில் பிள்ளைகளுக்குக் குழாய்ப் பழக்கம். இரண்டாம் நாள் ராமேஸ்வரம், கோயில், தனுஷ்கோடி. மூன்றாம் நாள் காலை, நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் ஓலைக்குடா. ஜூன், ஜூலை என்றால் பிச்சைமூப்பன்வலசையை எடுத்துவிட்டுக் காரங்காட்டைச் சேர்ப்பேன். நவம்பர், டிசம்பர் என்றால் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு, கடலுக்கு இன்னொரு முறை வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

எந்த மாதமானாலும் முந்தின நாள் சாயங்காலம் இரண்டு விஷயம் விசாரியுங்கள். நடத்துபவர்களிடம் போன் செய்து படகு உண்டா என்று கேளுங்கள். அப்புறம், தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீனவர்கள் யாரிடமாவது, "நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்துட்டாங்களா, தண்ணி தெளிவா இருக்கா?" என்று கேளுங்கள். காற்றைக் காரணம் காட்டி அவர்களுக்கே டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, கொடுக்கவில்லை என்றால் உங்கள் பயணத்தையும் தள்ளிப்போடுங்கள். அந்தக் காலைப்பொழுதுக்கு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். பவளத்தில் வாழும் மீன்களின் பெயரை முன்பே தெரிந்துகொண்டால், மறுநாள் காற்று அடங்கித் தண்ணீரில் இறங்கும்போது அவர்களே உங்களுக்குச் சுட்டிக்காட்டுவார்கள்.